தோலுக்குப் பயிற்சி உண்டு, துயருக்கு?

வைகாசித் திங்கள் முதல் நாள். குடியாத்தம் மக்கள் வெள்ளத்தில் மிதக்கிறது. கெங்கையம்மன் சிரசு ஊர்வலம்! இரேணுகையின் தலையை, தாழ்த்தப்பட்ட குலத்துப் பெண்ணொருத்தியின் உடலோடு பொருத்தினராம். உயிர் பெற்று எழுந்தாளாம். தலை ஒருத்தியுடையது, உடல் மற்றொருத்தியுடையது. அவளை அன்னை என்று கும்பிட ஊருக்குத் தயக்கமில்லை. கதையை நம்புவோர் நம்பட்டும், மறுப்போர் மறுக்கட்டும். நான் கேட்பது வேறு. பெற்றவள் ஒருத்தி, வளர்த்தவள் மற்றொருத்தி என்று நம்மிடையே வாழும் மனிதரைக் கண்டால் மட்டும் நம் நாக்கு ஏன் நஞ்சாகிறது?

"யார் பெற்றதோ! எந்தச் சாதியோ!" — இந்த ஏச்சு இன்று பிறந்ததன்று. மணிமேகலையில் சாத்தனார் காட்டும் ஆபுத்திரனை எண்ணிப் பாருங்கள். பெற்றவள் சோலையில் விட்டுச் சென்றாள், பசு பாலூட்டிற்று, இளம்பூதி எடுத்து வளர்த்தான். வேள்விப் பசுவை ஆபுத்திரன் காக்க முனைந்ததும், வேதியர் அவன் பிறப்பைச் சொல்லி எள்ளினர். வளர்த்த தந்தையும் மனையைவிட்டு விரட்டினான். அறிவால் வெல்ல முடியாதபோது பிறப்பைத் தோண்டுவது பழைய வழக்கம்!

தத்தெடுத்தலேனும் பிள்ளையின் நலனுக்காக நடந்ததா? இல்லை. 'புத்' என்னும் நரகத்திலிருந்து தந்தையை மீட்க ஒரு மகன் வேண்டும். கொள்ளி வைக்க ஒரு கை வேண்டும். சொத்தைக் கட்டிக் காக்க ஒரு பெயர் வேண்டும். அதற்கே சுவீகாரம். சாத்திரம் வகுத்த அந்த முறையில் பெண்ணுக்கு இடமில்லை. 1956ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகே இந்துக் குடும்பங்களில் பெண் மகவுக்கும் அக்கதவு திறந்தது.

பெண் சிசுக் கொலையைத் தடுக்க, 1992இல் தமிழக அரசு சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கிற்று. அன்று தொட்டிலில் கிடந்த மகவுகள் இன்று முப்பதைத் தாண்டிய ஆண்களும் பெண்களும்! உயிரைக் காத்தோம், நன்று. அந்த உயிருக்குள் ஓர் உள்ளம் இருப்பதை எண்ணினோமா?

ஒருத்தியைக் கற்பனை செய்து பாருங்கள். ஆம்பூர்க் காலணித் தொழிற்சாலையில் தையல் வேலை. வளர்த்த தந்தை மறைந்த பதினாறாம் நாள், பங்காளி ஒருவன் பங்குப் பேச்சினிடையே சொல்கிறான்: "உனக்கேது பங்கு? நீ தொட்டிலில் கிடந்தவள்!" முறைப்படி தத்தெடுக்கப்பட்ட மகளுக்குப் பெற்ற மகளுக்குரிய உரிமையெல்லாம் உண்டு, வழக்கறிஞர் அதைச் சொல்லிவிடுவார். ஆனால் அன்றிரவு முதல் உறக்கமில்லையே, அதை யாரிடம் சொல்வாள்? மனநல ஆலோசகரை நாடுகிறாள். அவரோ, "எடுத்து வளர்த்தார்களே, நன்றியோடு இரம்மா! பழையதை ஏன் கிளறுகிறாய்?" என்கிறார். பட்டம் சுவரில் தொங்குகிறது. பங்காளியின் குரல் நாற்காலியில் அமர்ந்திருக்கிறது!

நம் தோல் பதனிடும் தொழிலைப் பாருங்கள். பச்சைத் தோலை ஊறவைக்க, சுண்ணாம்பிட்டு மயிர் களைய, சதை சீவ, பதப்படுத்த, சாயமேற்ற — ஒவ்வொன்றுக்கும் கைப்பழக்கம் வேண்டும். கத்தி சற்றே ஆழமாய் இறங்கினால் தோல் பாழ்! பழகாத கையிடம் எந்த முதலாளியும் அக்கத்தியைத் தருவதில்லை. செத்த மாட்டின் தோலுக்கு இத்தனை கவனம். உயிருள்ள மனிதரின் உள்ளத்தைத் தொடுவோருக்குத் தனிப் பயிற்சி வேண்டாமா?

"அன்பிருந்தால் போதாதா?" என்பர். போதாது. தத்துப்பிள்ளையாக வளர்ந்தவரின் துயர் எப்போது தலைதூக்கும் என்பதை ஆலோசகர் கற்றிருக்க வேண்டும். பெண் பார்க்க வந்தவர் குலம் கேட்கும்போது, "குடும்பத்தில் யாருக்கேனும் சர்க்கரை நோய் உண்டா?" என்று மருத்துவர் வினவும்போது, தலைப்பிள்ளையைக் கையில் ஏந்தி, தன் சாயலை முதன்முதலாக இன்னொரு முகத்தில் காணும்போது! எல்லாத் துயருக்கும் தத்தே காரணம் என்று முடிவு கட்டுவதும் தவறு. தத்துக்கும் துயருக்கும் தொடர்பே இல்லை என்று தள்ளுவதும் தவறு.

"வளர்த்தவர் மனம் புண்படுமே!" என்பர். பெற்றவளைத் தேடுவது வளர்த்தவளைத் துறப்பதாகாது. தறியில் பாவும் வேண்டும், ஊடையும் வேண்டும் என்பதை நெசவாளர் நிறைந்த குடியாத்தத்துக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சட்டம் நம்மைவிட முன்னே நடக்கிறது. 2022ஆம் ஆண்டுத் தத்தெடுப்பு விதிகள், 18 வயது நிரம்பியவர் தம் வேர்களைத் தேடித் தாமே விண்ணப்பிக்க இடந்தருகின்றன. பெற்றோர் தம்மை வெளிப்படுத்த வேண்டாமென்று கேட்டிருந்தால் அவர்தம் இசைவு தேவை. பெயர் சொல்லாமல் தொட்டிலில் இட்டுச் சென்றவளைத் தேடுவோருக்கோ உரிமை உண்டு, ஏடு இல்லை! விடையில்லா வினாவோடு வாழ்வதற்குத் துணை நிற்பது எளிய வேலையா? 1975இல் இங்கிலாந்திலும் வேல்சிலும், வளர்ந்த தத்துப்பிள்ளைகள் தம் பிறப்புப் பதிவைக் காணச் சட்டம் வழி திறந்தபோது, அதற்கு முன்பு தத்துக் கொடுக்கப்பட்டவர் முதலில் ஆலோசகரைச் சந்திக்க வேண்டும் என்றும் விதித்தது. தாளைக் கொடுத்தால் மட்டும் போதாது, தாங்கும் தோளும் வேண்டும் என்று அவர்கள் உணர்ந்தனர்.

வேலூர்ப் பாகாயத்தில் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மருத்துவமனை, நோயாளியோடு குடும்பத்தாரையும் உடன் தங்கவைத்து மருத்துவம் செய்வதில் முன்னோடியாக விளங்கிற்று. அத்தகைய மரபுள்ள வட்டாரத்திலேயே தொடங்கலாமே! உளவியல் படிப்பிலும் சமூகப் பணிப் படிப்பிலும் இதைக் கட்டாயப் பாடமாக்குங்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின் ஆலோசகர்களுக்குப் பயிற்சி கொடுங்கள். தத்துப்பிள்ளையாக வளர்ந்தவர்களையே அதற்கு ஆசிரியர்களாக அழையுங்கள். கற்கவேண்டிய முதல் பாடம், தம் நெஞ்சில் ஒளிந்திருக்கும் சாதியையும் கற்புக் கதைகளையும் களைவது. பெற்றவளை "எறிந்துவிட்டவள்" என்று ஏசும் வாய், அவள் மகளின் புண்ணுக்கு மருந்திட முடியாது.

தொட்டில் வைத்தது அரசு; தூக்கி வளர்த்தது அன்பு. "நான் யார்?" என்று அந்தப் பிள்ளை இன்று கேட்கும்போது, செவி கொடுக்கத் தெரிந்தவரை ஆக்கித் தருவது நம் கடன். நன்றியைக் கேட்டது போதும். இனி அவர்கள் சொல்வதைக் கேட்போம்!