தகரக் கூரையின் சத்தம்



நீங்கள் இப்போது குடியிருக்கும் ஊரின் வாசனை என்னவென்று யாராவது கேட்டால் உடனே பதில் சொல்வீர்களா? பிறந்த ஊரைப்பற்றிக் கேட்டால் நாம் தயங்குவதில்லை. கருப்பட்டி காய்ச்சும் வாசனை, தேரிக்காட்டுச் செம்மண், முதல் மழையில் எழும் புழுதி மணம் என்று அடுக்கிவிடுவோம். பிழைக்க வந்த ஊரைக் கேட்டாலோ, வீட்டு வாடகையையும் தண்ணீர்க் கஷ்டத்தையும் சொல்லி முடித்துக்கொள்வோம். நானும் அப்படித்தான் இருந்தேன்.

1999ஆம் ஆண்டு வேலையினிமித்தமாய்ச் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறி, ஏறக்குறைய மூன்று நாட்கள் கடலில் கழித்து, அந்தமானிலுள்ள போர்ட் பிளேயரில் இறங்கினேன். 2024 செப்டம்பரில் மத்திய அரசு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிய அதே ஊர்தான். ஐந்து வருடம் இருந்து சம்பாதித்துத் திரும்பிவிடலாம் என்பது என் கணக்கு. கணக்கு பொய்த்தது.

முதலில் என்னைக் குழப்பியது வெளிச்சம். நாடு முழுவதற்கும் ஒரே நேரம்; அந்தமானோ வெகு கிழக்கே கிடக்கிறது. ஆகவே ஜூன் மாதத்தில் காலை ஐந்து மணிக்கே சூரியன் எழும்பிவிடும். டிசம்பரில் மாலை ஐந்தரைக்கெல்லாம் இருள் இறங்கிவிடும். அலுவலகம் விட்டு வெளியே வந்தால் தெருவிளக்கு எரிந்துகொண்டிருக்கும்.

அடுத்தது மழை. ஆண்டுக்குச் சுமார் 3000 மில்லிமீட்டர். சென்னையில் பெய்வதைப்போல ஏறக்குறைய இருமடங்கு. மே மாதக் கடைசியில் பிடித்தால் டிசம்பர் வரைக்கும் விட்டுவிட்டுப் பெய்யும். உப்பு கட்டியாகும், தீக்குச்சி நமத்துப்போகும், வேதாகமத்தின் தோலுறையிலும் பச்சைப் பூஞ்சணம் படரும். எங்கள் வீட்டுக்கும் சபைக்கும் தகரக் கூரைதான். ஞாயிறு ஆராதனையில் மழை வலுத்தால் பிரசங்கியாரின் குரல் அடங்கிப்போகும். அவர் நிறுத்திவிட்டுப் புன்னகையோடு காத்திருப்பார். நாங்களும் காத்திருப்போம்.

சாத்தம் தீவுக்குப் போகும் பாலத்தைக் கடந்தால், 1883இல் தொடங்கப்பட்ட மர அறுவை ஆலை இருக்கிறது. அங்கே அறுபடும் படாக் மரத்தின் தூள் செந்நிறமாயிருக்கும். ஈரக்காற்றோடு அந்த மணமும் கடலின் உப்பு வாடையும் கலந்து வரும். அபர்தீன் கடைவீதியிலே வங்காளியும் தெலுங்கரும் மலையாளியும் தமிழரும் ஒருவரோடொருவர் இந்தியில் பேரம் பேசும் இரைச்சல் காதை நிறைக்கும்.

இவை ஒன்றையும் நான் என் தாயாருக்குச் சொன்னதில்லை. அந்நாட்களில் தொலைபேசி செயற்கைக்கோள் வழியாகவே இயங்கியது. ஒரு வார்த்தை சொன்னால் அது போய்ச் சேரச் சற்றுத் தாமதமாகும். பதில் வரவில்லையே என்று நான் மறுபடி பேச, அதற்குள் அவர்களும் பேச, இரண்டு குரலும் மோதிக்கொள்ளும்.

"எய்யா, அந்த ஊரு எப்படிய்யா இருக்கு?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பார்கள்.

"மழைதாம்மா. இங்க இருட்டிட்டு."

"இங்க இன்னும் வெயில் அடிக்குதே!" என்று வியப்பார்கள்.

அதற்குமேல் நான் சொல்லவில்லை. திரும்பிப் போகப்போகிற எனக்கு இந்த ஊரைப்பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது என்றிருந்தேன். அவர்கள் 2011இல் மரித்துப்போனார்கள். 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலுக்கடியில் கேபிள் வந்து சேர்ந்தபோது, இப்போது தாமதமின்றிப் பேசலாமே என்று மகிழ்ந்தேன். யாரோடு பேசுவது என்று அடுத்த கணமே அழுதேன்.

பிரியமானவர்களே, பாடம் அதோடு முடியவில்லை. என் மகள் 2005இல் இந்தத் தீவிலே பிறந்தவள். சிறுவயதில் அவள் "எங்க ஊரு" என்று போர்ட் பிளேயரைச் சொல்லும்போதெல்லாம், "அது நம்ம ஊரில்லை, நம்ம ஊர் திருநெல்வேலிப் பக்கம்" என்று திருத்துவேன். 2023இல் கல்லூரிப் படிப்புக்காக அவளைப் பாளையங்கோட்டை விடுதியில் சேர்த்தபோது, மகள் சொந்த ஊருக்குப் போய்விட்டாள் என்று பெருமைப்பட்டேன். நவம்பர் மாதம் ஓர் இரவில் அவள் பேசினாள்.

"அப்பா, இங்கேயும் மழை பெய்யுது. ஆனா சத்தமே இல்லைப்பா. தூக்கம் வரலை."

கான்கிரீட் கூரையின்கீழ் படுத்திருந்த பிள்ளைக்குத் தகரத்தின் இரைச்சல் தாலாட்டாயிருந்தது என்பதை அன்றுதான் அறிந்தேன். கைப்பேசியைக் கூரைக்கு நேரே சற்றுநேரம் உயர்த்திப் பிடித்தேன். எங்கள் ஊரிலும் அப்போது மழை பெய்துகொண்டிருந்தது. மறுமுனையில் அவள் ஒன்றும் பேசவில்லை. "நம்ம ஊர் மழைம்மா, கேளு" என்றேன். அந்த வார்த்தையை நான் சொன்னது அதுவே முதல் முறை.

நம்மில் அநேகர் மும்பையிலும் பெங்களூரிலும் சூரத்திலும் இருபது ஆண்டுகள் வாழ்ந்தும், பெட்டியைக் கட்டி வைத்தவர்களைப்போலவே இருக்கிறோம். பிறந்த மண்ணை மறக்கவேண்டியதில்லை. ஆனாலும் நமக்கு இரைச்சலாய்த் தோன்றும் மின்சார ரயிலின் ஓசையும், நமக்கு அந்நியமான பக்கத்து வீட்டுச் சமையல் மணமும் நம் பிள்ளைகளுக்குச் சொந்த ஊராகிவிட்டன. அதை அவர்களிடமிருந்து பறித்துவிட்டு, அவர்கள் வாழ்ந்தறியாத ஓர் ஊரை மட்டும் கொடுப்பது நியாயமா?

இன்று இரவு உணவின்போது உங்கள் பிள்ளைகளிடம் கேளுங்கள்: "இந்த ஊரில் உனக்குப் பிடித்த சத்தம் எது? பிடித்த வாசனை எது?" திருத்தாமல் கேளுங்கள். பிறகு ஊரிலிருக்கும் உங்கள் தாய் தகப்பனாரைக் கூப்பிட்டு, அவர்கள் கேட்குமுன்னே அதைச் சொல்லுங்கள். இப்போது குரல் உடனே போய்ச் சேருகிறது. கேட்கிறவர்கள் இருக்கும்போதே பேசிவிடுங்கள்.