சுகுமாரி எந்த ஊர்க்காரர்?



மலையாளப் படங்களில் தாயாக, மாமியாராக, வாயாடியாக, சமையற்காரியாக வந்து நம்மைச் சிரிக்கவும் அழவும் வைத்த சுகுமாரியை அறியாத வீடு நம்மில் இல்லை. அவர் எந்த ஊர்க்காரர்?

1940இல் நாகர்கோவிலில், ஒரு மலையாளக் குடும்பத்தில் பிறந்தவர். அன்று அது திருவிதாங்கூர் சமஸ்தானம். 1956 நவம்பர் 1இல்தான் அந்த மண் தமிழ்நாட்டோடு இணைந்தது. திருவனந்தபுரம் பூஜப்புரையில் அரிச்சுவடி படித்தவர், சிறுவயதிலேயே சென்னைக்குப் போனார். அண்ணாவின் கதையான ‘ஓர் இரவு’ 1951இல் படமானபோது அதில் தோன்றினார். சோவின் நாடகக் குழுவில் ஆண்டுக்கணக்கில் மேடையேறினார். 1978இல் கணவர் இயக்குநர் பீம்சிங் மறைந்த பிறகும் உழைப்பை விடவில்லை. சினிமா, நாடகம், தொலைக்காட்சி எதையும் சிறிதென்று ஒதுக்கவில்லை. பெரும்பாலும் துணை வேடங்கள்தான். ஆயினும் அவர் இல்லாமல் படம் நிற்காது.

2003இல் பத்மஸ்ரீ கிடைத்தது. 2010ஆம் ஆண்டுக்கான தேசிய விருது, ‘நம்ம கிராமம்’ என்ற தமிழ்ப் படத்தில் நடித்ததற்காக வந்தது. மலையாளத் திரையின் தாய்க்கு நாட்டின் விருதை வாங்கித் தந்தது தமிழ்! 2013 மார்ச் 26இல் சென்னையில் காலமானார்.

இதைச் சொல்வது எதற்கு? மலையாளம் பேசும் வீட்டிலிருந்து வந்த பெண்ணைச் சென்னை வேற்றாள் என்று விரட்டவில்லை. உழைப்பைப் பார்த்தது, உரிய இடம் தந்தது. அந்த நியாயத்தைத்தான் சாலைக் கடைவீதியில் மூட்டை சுமப்பவனும், கட்டடத்தில் சாந்துச் சட்டி தூக்குபவளும் இங்கே கேட்கிறார்கள். சலுகை அல்ல, சம நியாயம்!

‘அவர் நடிகை, நாம் கூலிகள், ஒப்பிடலாமா?’ என்று சிலர் கேட்பார்கள். நல்ல கேள்வி. அவருக்குத் திறமையோடு லலிதா, பத்மினி, ராகினி என்ற புகழ்பெற்ற உறவினரும் இருந்தனர். நம் பிள்ளைகளுக்கு அத்தகைய உறவு ஏது? அதனால்தான் அவர்களுக்குச் சட்டமும் சங்கமும் வேண்டும்.

சட்டம் இருக்கிறது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர வசதி செய்ய வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 350அ பிரிவு. கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், இங்குள்ள தமிழ்ச் சிறுபான்மையினர் மாநில அரசுக்குத் தமிழிலேயே எழுத இடம் தருகிறது. எத்தனை பேர் அப்படி எழுதியிருக்கிறோம்?

பள்ளியில் கேலி செய்வார்கள் என்று பிள்ளையிடம் ‘வெளியே தமிழ் பேசாதே’ என்று சொல்லும் தாய்மார்களே, அந்தப் பயத்தை விடுங்கள். பிள்ளை மலையாளம் நன்றாகப் படிக்கட்டும். அது சோறு போடும் மொழி. தமிழும் எழுதப் படிக்கட்டும். அது பெற்ற மொழி. இரண்டும் தெரிந்தவர் இரண்டு ஊருக்கும் சொந்தக்காரர். சுகுமாரி அப்படித்தான் வாழ்ந்தார்.

தமிழ் ஆசிரியர் கேட்டு மனு எழுதுவோம். தமிழிலேயே எழுதுவோம்!