நஞ்சு சிந்தினால் முதலில் நமக்குத் தெரிய வேண்டும்

1984 டிசம்பரில் இந்தியாவின் போபாலில் மெதில் ஐசோசயனேட் வாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். ஆலையைச் சுற்றிக் குடியிருந்த மக்களுக்கு உள்ளே என்ன நஞ்சு இருந்தது என்றே தெரியாது. அந்தக் கொடுமைக்குப் பின்னரே, 1986இல், மக்களின் அறியும் உரிமைக்கான சட்டமொன்றை அமெரிக்கா நிறைவேற்றியது.

அச்சட்டத்தின் கீழ் ஒவ்வொரு நஞ்சுக்கும் ஓர் அளவு உண்டு. 24 மணித்தியாலத்துக்குள் அந்த அளவு வெளியேறினால் நிர்வாகம் உடனே அதிகாரிகளுக்கு அறிவிக்க வேண்டும். மெதில் ஐசோசயனேட்டுக்கும் குளோரினுக்கும் 10 இறாத்தல். அமோனியாவுக்கு 100 இறாத்தல். "சின்னக் கசிவுதானே" என்று முகாமையாளர் தட்டிக்கழிக்க முடியாது. இதை நாம் வரவேற்கிறோம்.

ஆனால் அதில் இரண்டு விலக்குகளும் உள்ளன. பாதிப்பு வேலைத்தல எல்லைக்குள் இருப்போருடன் நின்றுவிட்டால் அச்சட்டப்படி அவசர அறிவித்தல் தேவையில்லை. பதிவு பெற்ற பீடைநாசினியைப் பயிருக்கு உரிய முறையில் அடிப்பதும் கணக்கில் வராது.

இவ்விதிகளை அப்படியே இங்கு கொண்டுவந்தால் நமது நிலை என்ன? தோட்டத்தில் வேலைத்தலமும் வீடும் ஒன்றுதான். மலையில் மருந்து அடிப்பவரும், கீழே லயத்துப் பீலியில் தண்ணீர் பிடிக்கும் பிள்ளையும் ஒரே எல்லைக்குள்தான் வாழ்கிறார்கள். 2015இல் தடைசெய்யப்பட்ட கிளைபோசேட் களைநாசினி 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அதை முதுகில் சுமந்து அடிப்பவர்கள் நம்மவர்களே.

ஒவ்வொரு துளிக்கும் அறிக்கை எழுதினால் வேலை ஓடாது என்பார்கள். அளவு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பெரிய ஆலைக்கு வகுத்த அளவு ஒரு சிறிய ஊற்றுக்குப் பொருந்தாது என்கிறோம். ஒரு பீலித் தண்ணீரைக் கெடுக்க 10 இறாத்தல் தேவையில்லை.

ஆகவே நாம் கேட்பது மூன்று. களஞ்சியத்திலுள்ள மருந்துகளின் பட்டியல் தமிழில் பெரட்டுக்களத்தில் தொங்க வேண்டும். குடிநீர் ஊற்றருகே நஞ்சு சிந்தினால், அளவு பாராமல் உடனேயே லயங்களுக்கும் டிஸ்பென்சரிக்கும் சொல்ல வேண்டும். எல்லைக்குள் நடந்தது என்பதற்காகத் தொழிலாளியை எந்தச் சட்டமும் ஒதுக்கக் கூடாது.

தோட்டத் தலைவர்மாரே, நிர்வாகத்துடனான அடுத்த பேச்சுவார்த்தையில் சம்பளத்தோடு இதையும் மேசையில் வையுங்கள்.