ஜப்பான் சோறும் நம்ம அடுப்படியும்

ஜப்பான் சோறு வீட்டில் எப்படி ஆக்குவது என்று யூடியூப்பில் தேடினால் ஏகப்பட்ட வீடியோ வரும். அரிசியை அளக்கிறார்கள், கழுவுகிறார்கள், ஊறவைக்கிறார்கள், மூடியைத் திறக்காமல் காத்திருக்கிறார்கள். பார்க்கிற நம்ம ஆட்கள் ‘அடேங்கப்பா, என்ன ஒழுங்கு!’ என்கிறார்கள். அதே ஆட்கள்தான் அம்மா ஆக்கிய சோற்றை ‘இன்னைக்குக் குழைஞ்சிருச்சு’ என்று ஒரே வார்த்தையில் தள்ளிவைக்கிறார்கள்.

எங்க இரத்தினபுரிப் பக்கமும் இப்போ ஜப்பான் பேச்சு அதிகம். 2019இல் இலங்கையும் ஜப்பானும் வேலையாட்கள் சம்பந்தமாக ஒப்பந்தம் செய்த பிறகு, தோட்டத்துப் பிள்ளைகளும் ஜப்பான் மொழி படிக்கிறார்கள். மிச்சப் பேருக்கு அனிமே இருக்கிறது. ஆகவே அந்தச் சோற்றை முறையாக ஆக்கத் தெரிந்துகொள்வது நல்லதுதான். ஆனா அதைக் கற்கும்போது நம்ம லயத்து அடுப்படியையும் ஒருதரம் திரும்பிப் பார்க்கணும் என்பது என் கட்சி.

முதலில் முறையைச் சொல்லிவிடுகிறேன். அரிசியை ஒரே கப்பால் அளந்து எடுங்கள். முதல் தண்ணீரை ஊற்றிய உடனே கொட்டிவிடுங்கள். காய்ந்த அரிசி முதல் தண்ணீரைத்தான் வேகமாகக் குடிக்கும், தவிட்டு வாசமும் அதோடு சேர்ந்து உள்ளே போய்விடும். பிறகு விரல்களால் மெதுவாகச் சுழற்றி மூன்று நாலு தரம் கழுவி, அரை மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரை வடித்துவிடுங்கள். ஒரு கப் அரிசிக்கு ஒரு கப்பும் கொஞ்சமும் தண்ணீர் போதும். உப்பு வேண்டாம். கனமான சட்டியில் மூடி போட்டுக் கொதிக்க வைத்து, கொதி வந்ததும் தீயைக் குறைத்துப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் விடுங்கள். அடுப்பை அணைத்த பிறகும் பத்து நிமிடத்துக்கு மூடியைத் தொடக்கூடாது. கடைசியில் அகப்பையால் சோற்றை நசுக்காமல், வெட்டிப் புரட்டிவிட வேண்டும்.

இதே முறையில் நம்ம சம்பாவையோ நாட்டரிசியையோ போட்டால் அந்தச் சோறு வராது. ஜப்பான் அரிசியில் அமைலோஸ் என்ற மாச்சத்து வகை குறைவு, இருபது சதவீதத்துக்கு உள்ளேதான் இருக்கும். அதனால்தான் பருக்கைகள் ஒட்டிக்கொள்கின்றன. இலங்கை அரிசிகளில் பெரும்பாலானவற்றில் அது இருபத்தைந்துக்கும் மேலே. புழுங்கல் அரிசியோ நெல்லாக இருக்கும்போதே ஒருதரம் அவிந்துவிட்டது. அது உதிரியாக வருவது அதன் இயல்பு, குறை கிடையாது. அந்தந்த அரிசிக்கு அந்தந்த முறை. ஜப்பான்காரர்கள் தங்கள் அரிசியைக் கவனித்துக் கவனித்து ஒரு முறையைக் கண்டார்கள். விரல்கண்டத்தால் தண்ணீர் அளந்து, அரிசியை அரித்துக் கல் எடுத்து, பதம் பார்த்துக் கஞ்சி வடிக்கிற நம்ம அம்மாமாரும் அதையேதான் செய்தார்கள். யாரும் அதை வீடியோ எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

ரைஸ் குக்கர் கதையைக் கேளுங்கள். தானாக அணைகிற மின்சார ரைஸ் குக்கரை தோஷிபா கம்பனி 1955இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதை உருவாக்கியவர் சின்னத் தொழிற்சாலை நடத்திய யோஷிததா மினமி. ஆனால் வீட்டில் திரும்பத் திரும்பச் சோறு ஆக்கி, எத்தனை நிமிடம், எவ்வளவு சூடு என்று அளந்து பார்த்தவர் அவருடைய மனைவி ஃபுமிகோ மினமி. கொதித்த பிறகு இருபது நிமிடம் அந்தச் சூட்டில் நின்றால் சோறு சரியாக வரும் என்பது தெரிந்த பிறகுதான் மெஷினுக்கு வழி பிறந்தது. வெளிச் சட்டியில் ஊற்றிய தண்ணீர் வற்றியதும் சூடு ஏறும், சுவிட்ச் தானாக விழும். இன்றைக்கு போர்டிங்கில் நாம் பட்டனைத் தட்டிவிட்டுப் போன் பார்க்கிறோமே, அந்தப் பட்டனுக்குப் பின்னால் ஒரு பெண்ணின் அடுப்படிக் கணக்கு இருக்கிறது.

நம்ம தோட்டங்களில் அரிசி ரொம்பக் காலம் ருசிக்கான பொருளாகவே இருக்கவில்லை. வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் தோட்டமே அரிசி கொடுத்து, சம்பளத்தில் பிடித்துக்கொண்டது. எத்தனை கொத்து என்பதுதான் கேள்வி, எப்படி இருந்தது என்பது இல்லை. 1973, 74இல் கூப்பன் அரிசி குறைந்தபோது தோட்டங்களில் பட்டினியால் செத்தவர்கள் உண்டு. கோதுமை மாவு ரொட்டி நம்ம வயிற்றில் இவ்வளவு ஆழமாக உட்கார்ந்ததில் அந்தப் பஞ்சத்துக்கும் பங்கு இருக்கிறது. ‘சோறு நல்லா இருக்கணும்’ என்று கேட்கிற வாய்ப்பே தாத்தா பாட்டிக்குக் கிடைக்கவில்லை. ஆகவே இன்றைக்கு நாம் ருசி பேசுவதை ஆடம்பரம் என்று சொல்லமாட்டேன். அது நமக்கு வரவேண்டிய உரிமை.

ஆனா அந்த ருசிக்கு யார் விலை கொடுக்கிறார்கள்? கொழுந்து எடுக்கப் போகிற அம்மா பெரட்டுக்கு முன்னால் சோறு, கறி, பிள்ளைகளுக்குக் கட்டிக் கொடுக்கிறது எல்லாவற்றையும் முடிக்க வேண்டும். விறகு ஈரமாக இருந்தால் அதுவும் அவர் தலையில்தான். அவரிடம் போய் ‘அரை மணி நேரம் ஊறவைச்சா நல்லா வரும்மா’ என்று யோசனை சொல்ல நமக்கு என்ன தகுதி?

‘சோறாக்குறதுக்கு ஒரு கட்டுரையா?’ என்று சிலர் சிரிப்பார்கள். சிரிக்கிறவர்களில் எத்தனை ஆம்பளைப் பிள்ளைகளுக்குப் பானையில் எவ்வளவு தண்ணீர் என்று தெரியும்? ஜப்பானுக்குப் போனால் தம்பி தானே ஆக்கித்தான் சாப்பிடப் போகிறான். அங்கே முடியும் என்றால் லயத்தில் ஏன் முடியாது?

இறக்குமதி ஜப்பான் அரிசி சம்பாவை விட எவ்வளவோ விலை. அதை வாங்க வேண்டும் என்றில்லை. அடுத்த முறை லீவில் வீட்டுக்குப் போகும்போது அம்மாவிடம் இரண்டு விஷயம் கேளுங்கள்: உங்க வீட்டுப் பானைக்கு அவருடைய விரல்கணக்கு என்ன, பதம் எப்படிப் பார்க்கிறார். அதைக் கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். மறுநாள் காலையில் அவருக்கு முன்னால் எழும்பி அடுப்பை நீங்களே மூட்டுங்கள், அண்ணன் தம்பிமார் முதலில்.