ஜங்ஷன் இருந்தும் அழிந்த ஊர்

இரண்டு நதியும் ஒரு ரயில் பாதையும் கூடுமிடத்தில் ஊர் கெடாது என்பார்கள். அமெரிக்காவில் இல்லினாய்ஸ் மாநிலத்தின் தென்கோடியிலுள்ள அலெக்சாண்டர் கவுண்டி இந்த நம்பிக்கையைப் பொய்யாக்கியிருக்கிறது. கவுண்டி என்பது நம் ஜில்லாவைப் போன்றது, அளவில் சிறியது. அதன் தலைநகர் கெய்ரோ. எகிப்து நகரின் பெயர்தான், உள்ளூரார் உச்சரிப்பு வேறு. ஓஹையோ நதி மிஸிஸிப்பியில் கலப்பது இங்கேதான்.

1850களில் இல்லினாய்ஸ் சென்ட்ரல் ரயில்வே இங்கே வந்து முடிந்தது. சரக்கை இறக்கி நீராவிக் கப்பலில் ஏற்றினார்கள். பிறகு வாகன்களையே படகிலேற்றி அக்கரை சேர்த்தார்கள். சரக்கு கை மாறுமிடத்தில் கூலிக்கும் குமாஸ்தாவுக்கும் ஓட்டல்காரருக்கும் பிழைப்புண்டு என்பது ரயில்வே தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1889-ல் ஓஹையோ மீது ரயில் பாலம் வந்தது. அந்த வேலை போயிற்று. ஆயினும் ஊர் உடனே சாய்ந்துவிடவில்லை. 1920-ல் ஜனத்தொகை 15,203. 1929-லும் 1937-லும் சாலைப் பாலங்கள் வந்தன, படகுத்துறைகள் ஓய்ந்தன. 1978-ல் புதிய நெடுஞ்சாலைப் பாலம் ஊரை ஒதுக்கிவிட்டே போயிற்று.

எல்லாப் பழியையும் பாலங்கள்மேல் போடுவது சுலபம். ஆனால் கடைவீதியில் நடந்ததையும் பார்க்க வேண்டும். ஊரில் மூன்றிலொரு பங்குக்கு மேல் கறுப்பர்கள். அவர்கள் கடையில் சாமான் வாங்கலாம். கல்லாவில் நின்று வேலை பார்க்க இடமில்லை. 1960களின் தொடக்கத்தில் நீச்சல் குளத்தில் தங்களுக்கும் அனுமதி கேட்டார்கள். குளத்தையே மூடிவிட்டார்கள்! 1967-ல் கறுப்பு ராணுவ வீரர் ஒருவர் போலீஸ் காவலில் தூக்கில் தொங்கக் காணப்பட்டார். தற்கொலை என்றது போலீஸ், கறுப்பர்கள் நம்பவில்லை. கலவரம் மூண்டது.

1969-ல், கடைகளில் எங்களுக்கும் வேலை கொடு என்று கோரிப் பகிஷ்காரம் தொடங்கினார்கள். அது வருஷக்கணக்கில் நீடித்தது. வேலை கொடுப்பதைவிடக் கடையைப் பூட்டுவதே மேலென்று வெள்ளைக்கார முதலாளிகள் பலர் பூட்டிவிட்டார்கள். தங்கள் அடுப்பில் தாங்களே தண்ணீர் ஊற்றிக்கொண்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

பகிஷ்காரம்தான் ஊரைக் கெடுத்தது என்று வாதிப்போர் உண்டு. இந்த வாதம் எடுபடாது. சம்பளம் வாங்குகிறவன்தானே கடைக்கு வருவான்? இத்தனை பேருக்குக் கல்லாவில் இடம் மறுத்துவிட்டு, வியாபாரம் படுத்துவிட்டது என்று புலம்பினால் யார் அநுதாபப்படுவார்கள்?

1986-ல் ஆஸ்பத்திரி மூடப்பட்டது. நெடுங்காலம் பழுது பார்க்காமல் விட்ட இரண்டு அரசாங்கக் குடியிருப்புகளைக் காலி செய்வதாக 2017-ல் மத்திய அரசு அறிவித்தது. அங்கிருந்தவர்களில் பாதிப் பேர் குழந்தைகள். வாடகைக்கு வேறு வீடில்லாத ஊரில் அவர்கள் எங்கே போவார்கள்? வெளியூர்தான்.

கவுண்டியில் 1940-ல் 25,496 பேர் இருந்தார்கள். 2020 கணக்கில் 5,240 பேர். அதில் கெய்ரோ வாசிகள் 1,733. முந்திய பத்தாண்டில் மட்டும் நூற்றுக்கு 36 பேர் குறைந்தனர். அமெரிக்காவில் வேறெந்தக் கவுண்டியிலும் இவ்வளவு சரிவில்லை. சிகாகோவிலிருந்து நியூ ஆர்லியன்ஸ் செல்லும் பயணி ரயில் கெய்ரோப் பாலத்தைத் தாண்டித்தான் போகிறது. அந்த ஊரில் நிற்பதில்லை.