பூட்டினால் மட்டும் போதுமா?

மந்தைவெளி என்றால் மந்தைகள் மேய்ந்த வெளி. அங்கே இன்று ஒரு கட்டிலைப் போடவும் இடம் தேட வேண்டி இருக்கிறது!

மயிலாப்பூர், மந்தைவெளி, ராஜா அண்ணாமலைபுரம் பகுதிகளில் பழைய வீடுகள் ஒன்றன்பின் ஒன்றாக இடிக்கப்படுகின்றன. தனி வீடுகள் மட்டும் அல்ல, பழைய அடுக்குமாடிகளும் இடிபடுகின்றன. மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் இடித்துக் கட்டலாம் என்று, தமிழ்நாட்டின் 2022-ஆம் ஆண்டு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் வழி செய்திருக்கிறது.

புது வீடு எழும்ப இரண்டு ஆண்டு ஆகலாம். அதுவரை சிறிய வாடகை வீட்டில் குடித்தனம். மனிதர்கள் நெருங்கிப் படுத்துக் கொள்வார்கள். தேக்குக் கட்டிலும், பீரோவும், பித்தளை அண்டாவும், கொலுப் பெட்டிகளும் எங்கே போகும்?

இதற்காகவே சென்னையில் இப்போது மாத வாடகைக்குச் சாமான் அறைகள் கிடைக்கின்றன. அமெரிக்காவில் இந்தத் தொழில் பல பத்தாண்டுகளாக நடக்கிறது. சிறிய வீடுகள் நிறைந்த சிங்கப்பூரிலும் இது சாதாரணம்.

வசதிதான். ஆனால் சாமான்களை அள்ளிப் போட்டு, பூட்டைப் பூட்டிவிட்டு வந்தால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு.

பூட்டு ஒரு திருடனைத்தான் தடுக்கும். சாவி இல்லாமலே உள்ளே நுழையும் திருடர்கள் நால்வர் உண்டு. தண்ணீர், கரையான், எலி, மறதி.

தண்ணீர்

2015 டிசம்பரில் அடையாறு பெருக்கெடுத்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியது. இரண்டு முறையும் சென்னையில் தரைத்தள வீடுகளில் வெள்ளம் புகுந்தது. சாமான் அறை மட்டும் தப்புமா?

ஆகவே, அறை பார்க்கப் போகும்போது வாடகையை முதலில் கேட்காதீர்கள். "2015-இல் இங்கே தண்ணீர் வந்ததா?" என்று கேளுங்கள். அக்கம்பக்கத்துக் கடைக்காரரிடமும் கேளுங்கள். மாடி அறை கிடைத்தால் நல்லது.

எந்தப் பெட்டியையும் வெறும் தரையில் வைக்கக் கூடாது. செங்கல் அடுக்கிப் பலகை போட்டு, அதன்மேல் வையுங்கள். சுவரை ஒட்டியும் வைக்காதீர்கள். ஒரு சாண் இடைவெளி விடுங்கள். காற்று போகட்டும்.

மரச்சாமானைப் பிளாஸ்டிக் தாளால் இறுகச் சுற்றினால் ஈரம் உள்ளேயே தங்கிப் பூஞ்சை பிடிக்கும். பழைய பருத்தி விரிப்பால் மூடுவதே நல்லது. குளிர்பதனப் பெட்டியை நன்றாகத் துடைத்து உலர்த்தி, கதவைச் சற்றுத் திறந்தபடி நிறுத்தி வையுங்கள். துணி துவைக்கும் இயந்திரத்தில் தங்கிய தண்ணீரை வடித்து விடுங்கள்.

கரையானும் எலியும்

அரிசி, பருப்பு, அப்பளம் எதுவும் அங்கே போகக் கூடாது. ஒரு பிடி பருப்பு போதும், எலி பட்டுப் புடவை வரை வந்துவிடும்.

புத்தகங்களைச் சிறிய பெட்டிகளில் கட்டுங்கள். பெரிய பெட்டியில் கட்டினால் தூக்க முடியாது, அடியும் கிழியும். துணிகளை வெயிலில் காயவைத்துப் பிறகு மடியுங்கள். அந்துருண்டை போடுங்கள். பழைய கட்டிலில் கரையான் இருந்தால் முன்னதாகவே மருந்து அடியுங்கள். வீட்டிலிருந்து நாமே கரையானை ஏற்றிக்கொண்டு போகக் கூடாது அல்லவா?

எரிவாயு உருளை, மண்ணெண்ணெய், பட்டாசு இவற்றை அறைக்குள் வைக்கவே கூடாது. ஒரு வீட்டின் அஜாக்கிரதை பத்து வீட்டுச் சாமானை எரித்துவிடும்.

மறதி

நால்வரில் பெரிய திருடன் மறதிதான்.

எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று தெரியாவிட்டால், இருந்தும் இல்லாததுதான். பெட்டிக்கு ஒரு எண் போடுங்கள். எண்ணை இரண்டு பக்கத்திலும் எழுதுங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஜாபிதா எழுதுங்கள். பெட்டியை மூடுமுன் கைபேசியில் ஒரு படம் எடுங்கள். ஜாபிதாவும் இரண்டாவது சாவியும் வீட்டில் இன்னொருவர் கையிலும் இருக்கட்டும்.

கனமானவை கீழே, லேசானவை மேலே. நடுவில் ஓர் ஆள் நடக்க வழி விடுங்கள். கொலுப் பெட்டியைக் கதவு அருகில் வையுங்கள். நவராத்திரி ஆண்டுதோறும் வருமே!

நம் தாய்மார்களுக்கு இதெல்லாம் புதிய வித்தை அல்ல. பொம்மைகளைப் பழைய வேட்டித் துணியில் சுற்றி, பெட்டியில் அடுக்கி, பரணில் ஏற்றியவர்கள் அவர்கள். அடுத்த ஆண்டு இறக்கும்போது ஒரு பொம்மையின் மூக்குக்கூட உடைந்திருக்காது. அந்தக் கவனம்தான் இங்கேயும் வேண்டும். மாதம் ஒரு முறையாவது அறையைத் திறந்து பாருங்கள். ஐப்பசி மழைக்கு முன் கட்டாயம் பாருங்கள்.

கையெழுத்துப் போடுமுன்

சாமான் அறைகளில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் அறை அவர்களுடையது. பூட்டும் சாவியும் நம்முடையவை. மற்றொன்றில் நிறுவனத்தாரே வந்து சாமானை வாங்கிக்கொண்டு போய்த் தங்கள் கிடங்கில் வைப்பார்கள்.

நம் பொருளைத் தம் பொறுப்பில் வாங்கி வைப்பவர், விவேகமுள்ள ஒருவர் தம் சொந்தப் பொருளைக் காப்பது போல அதைக் காக்க வேண்டும். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 151-வது பிரிவு இப்படிச் சொல்கிறது. ஆனால் பூட்டு நம்முடையதாக இருந்தால், "அறையைத்தான் வாடகைக்கு விட்டோம், உள்ளே இருப்பதற்குப் பொறுப்பல்ல" என்று ஒப்பந்தத்தில் எழுதி இருக்கக் கூடும். ஒவ்வொரு வரியையும் படியுங்கள். படிக்கச் சிரமமானால் படித்தவர் ஒருவரைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லுங்கள். இதில் வெட்கம் இல்லை.

வீட்டுச் சாமானுக்கு இன்சூரன்ஸ் இருந்தால், புது முகவரியில் அது செல்லுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

நகையும் பத்திரமும் சாமான் அறைக்கு உரியவை அல்ல. அவற்றின் இடம் வங்கிப் பெட்டகம். தீ, திருட்டு, கட்டடம் இடிதல், ஊழியர் மோசடி ஆகியவற்றால் பெட்டகப் பொருள் போனால், ஆண்டு வாடகையைப் போல் 100 மடங்கு வரை வங்கி பொறுப்பேற்க வேண்டும். ரிசர்வ் வங்கியின் இந்த விதி 2022 ஜனவரி முதல் நடப்பில் இருக்கிறது. அந்தப் பாதுகாப்பைச் சாமான் அறையில் எதிர்பார்க்க முடியாது.

யார் தருவது வாடகை?

மாதம் 3,000 ரூபாய் வாடகை என்று வைத்துக்கொள்வோம். 24 மாதத்துக்கு 72,000 ரூபாய்! நடுத்தரக் குடும்பத்துக்கு இது சிறிய தொகை அல்ல.

வீட்டை இடித்துக் கட்டும் நிறுவனம், குடும்பம் தங்கும் வீட்டுக்கு வாடகை தருவது வழக்கத்தில் இருக்கிறது. சாமான் அறை வாடகையையும் அதே ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டும். வேலை தாமதமானால் தாமதமான மாதங்களுக்கும் தர வேண்டும். கேட்பது உரிமையாளர் கடமை. கேட்காமலே தருவது நிறுவனத்துக்கு அழகு.

அதே சமயம், எல்லாவற்றையும் பூட்டி வைப்பதும் புத்திசாலித்தனம் அல்ல. 5,000 ரூபாய் பெறாத சோபாவுக்கு 72,000 ரூபாய் வாடகையா? தேவைப்படுகிறவருக்குக் கொடுத்துவிடலாம்.

எதை வைப்பது, எதைக் கொடுப்பது என்று தீர்மானிக்கும் நாளில், வீட்டுப் பெரியவர்களைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். அவர்களைக் கேட்காமல் எதையும் தூக்கிப் போடாதீர்கள். இளையவர்களுக்கு ஓட்டை அண்டாவாகத் தெரிவது, பாட்டிக்குத் தாய்வீட்டுச் சீராக இருக்கலாம். அதற்கு விலை போடத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். ஜாபிதாவின் முதல் வரியை அவரே சொல்லட்டும்.