இரண்டாவது மருந்து கடைசி மருந்து அல்ல



நீரிழிவு, கொழுப்பு, முழங்கால் வலி பற்றி நாம் எழுதினால் பலர் வாசித்துவிட்டுத் தொலைபேசியில் கதைப்பீர்கள். எச்.ஐ.வி. என்ற சொல்லைக் கண்டால் பலரும் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். இம்முறை தயவுசெய்து புரட்டாதீர்கள். இந்த நோயோடு வாழ்கிறவர்கள் எமது சமூகத்திலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நோயை விட எமது மௌனமே பெரிய இடைஞ்சல்.

சில வருடங்களுக்கு முன்னர் ஒருவர் எம்மிடம் வந்தார். அவரை அடையாளம் காணாதிருக்கச் சில விபரங்களை மாற்றியிருக்கிறோம். இரண்டு பிள்ளைகளின் தகப்பன். மருத்துவமனையில் கொடுத்த குளிசையை விற்றமின் போத்தலுக்குள் போட்டு வைத்திருந்தார். மனைவிக்கு மட்டும்தான் விடயம் தெரியும். ஊரிலிருந்து மாமனாரும் மாமியாரும் வந்து இரண்டு மாதம் நின்றார்கள். சின்ன வீடு, எந்நேரமும் ஆட்கள். குளிசை ஒருநாள் விடுபட்டது, பிறகு நாட்கணக்கில் விடுபட்டது. அடுத்த பரிசோதனையில் இரத்தத்தில் வைரசு ஏறியிருந்தது. "டொக்டர், முதல் மருந்து பிழைச்சுப் போச்சு. இனி எனக்கு என்ன மிச்சம்?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கான பதில்தான் இந்தக் கட்டுரை.

மருந்து ஏன் பிழைக்கிறது?

எச்.ஐ.வி.க்கு வெவ்வேறு விதமாக வேலை செய்யும் மருந்துகளைச் சேர்த்தே கொடுப்பார்கள். 1996 அளவில் இந்தக் கூட்டுச் சிகிச்சை வந்த பின்னர்தான் மரணங்கள் வேகமாகக் குறைந்தன. ஒரு மருந்துக்கு வைரசு தப்பினாலும் மற்றது பிடித்துவிடும் என்பதே இதன் அடிப்படை.

எமது நோயாளர் எடுத்தது எபவிரென்ஸ் என்ற மருந்தும் வேறு இரண்டும் சேர்ந்த குளிசை. எபவிரென்ஸ் உடம்பில் பல நாள் தங்கும். மற்றைய மருந்துகள் முன்னதாகவே போய்விடும். ஆகவே குளிசையைத் திடீரென நிறுத்தினால், வைரசுக்கு முன்னால் ஒரு மருந்து மட்டும் தனியே நிற்கும். அந்த இடைவெளியில் வைரசு தன்னை மாற்றிக்கொண்டு மருந்துக்கு அடங்காததாகிவிடும்.

ஆபிரிக்கா சொல்லித்தந்த பாடம்

இப்படி முதற் சிகிச்சை பிழைத்தவர்களுக்கு எந்தக் கூட்டு நல்லது? இதற்கு மிகத் தெளிவான பதில்கள் ஆபிரிக்காவிலிருந்தே வந்தன.

முதலாவது, ஏர்னெஸ்ட் என்ற ஆய்வு. 2014இல் வெளியானது. உகண்டா, கென்யா, சிம்பாப்வே, மலாவி, சாம்பியா நாடுகளில் முதற் சிகிச்சை பிழைத்த 1277 பேர் இதில் பங்குபற்றினர். எல்லோருக்கும் லோப்பினாவிர் என்ற மருந்து கொடுக்கப்பட்டது. ஒரு பிரிவினருக்கு அதனோடு பழைய வகை மருந்துகளையே சேர்த்தார்கள். இன்னொரு பிரிவினருக்கு ரால்டெக்ராவிர் என்ற புதிய மருந்தைச் சேர்த்தார்கள். மூன்றாவது பிரிவினர் ஆரம்ப வாரங்களுக்குப் பிறகு லோப்பினாவிரை மட்டும் எடுத்தார்கள். 96 வாரங்களின் பின் முதல் இரண்டு பிரிவிலும் 86 வீதமானோருக்கு வைரசு அடங்கியிருந்தது. தனி மருந்து எடுத்தவர்களில் 61 வீதம் மட்டுமே. புதிய மருந்து பழையதை வெல்லவில்லை. ஆனால் தனி மருந்து தெளிவாகத் தோற்றது.

இரண்டாவது, நாடியா என்ற ஆய்வு. உகண்டா, கென்யா, சிம்பாப்வேயில் 464 பேர். டொலுடெக்ராவிரையும் டருணாவிரையும் ஒப்பிட்டார்கள். 2021இல் வெளியான 48 வார முடிவில் டொலுடெக்ராவிர் எடுத்தவர்களில் 90.2 வீதமும் டருணாவிர் எடுத்தவர்களில் 91.7 வீதமும் நன்றாக இருந்தார்கள். கூடவே கொடுத்த டெனோபோவிர், பெரும்பாலானோர் முன்னரே எடுத்துப் பிழைத்துப்போன மருந்து. "அது இனி வேலை செய்யாது" என்று கருதி சிடோவுடினுக்கு மாற்றுவதே அதுவரை வழக்கம். ஆனால் 96 வாரத்தில் டெனோபோவிரைத் தொடர்ந்தவர்களே கூடிய பலன் பெற்றார்கள்.

ஒரு எச்சரிக்கையும் இதில் உண்டு. 96 வாரத்துக்குள் டொலுடெக்ராவிர் பிரிவில் ஒன்பது பேருக்கு அந்த மருந்துக்கே அடங்காத வைரசு உருவானது. டருணாவிர் பிரிவில் அப்படி நடக்கவில்லை.

எமது கருத்து

"புதிசா என்ன வந்திருக்கு, அமெரிக்காவில என்ன குடுக்கினம்?" என்றுதான் எமது ஆட்கள் கேட்பார்கள். இந்த ஆய்வுகளைப் பார்த்தால் அது சரியான கேள்வி அல்ல. நல்ல கூட்டுகள் ஒன்றுக்கு மேற்பட்டவை உண்டு. உங்கள் வீட்டில், உங்கள் வேலை நேரத்தில், ஒவ்வொரு நாளும் எதை எடுக்க முடியும் என்பதே சரியான கேள்வி. டொலுடெக்ராவிர் சின்னக் குளிசை, பக்கவிளைவு பொதுவாகக் குறைவு. டருணாவிரைச் சாப்பாட்டோடும் துணை மருந்தோடும் எடுக்க வேண்டும். ஆனால் வைரசு அதற்கு எளிதில் தப்பாது. எது பொருந்தும் என்பதை நிபுணர் இரத்தப் பரிசோதனையைப் பார்த்துத் தீர்மானிப்பார். நீங்கள் இரவு வேலையையும் விரதத்தையும் வீட்டுக்கு வரும் விருந்தாளிகளையும் மறைத்தால் அவர் சரியாகத் தீர்மானிக்க முடியாது.

குடும்ப வைத்தியருக்கும் சொல்லுங்கள்

இங்கிலாந்தில் எச்.ஐ.வி. மருந்தை மருத்துவமனைக் கிளினிக்கே கொடுக்கிறது. எமது கணினியில் அது பெரும்பாலும் இராது. நீங்கள் சொல்லாவிட்டால் எமக்குத் தெரியாது.

டருணாவிரோடு சேரும் துணை மருந்து, முழங்காலுக்குப் போடும் சில ஸ்டீராய்டு ஊசிகளையும், ஆஸ்துமாவுக்கும் மூக்கடைப்புக்கும் பாவிக்கும் புளூட்டிகசோனையும் உடம்பில் ஆபத்தான அளவுக்குத் தேங்க வைக்கும். கொழுப்புக்கான சிம்வாஸ்டாட்டின் அதனோடு கூடவே கூடாது. டொலுடெக்ராவிர் நீரிழிவுக்கான மெட்போமினின் அளவை இரத்தத்தில் கூட்டும். எமது ஆட்களில் எத்தனை பேர் மெட்போமின் எடுக்கிறார்கள் என்று சொல்லத் தேவையில்லை. கல்சியம், இரும்புக் குளிசைகளும் சில நெஞ்செரிவு மருந்துகளும் டொலுடெக்ராவிர் உடம்பில் சேர்வதைத் தடுக்கும். நேர இடைவெளியைக் கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.

குடும்பத்தாருக்கு

ஒன்றாக உண்பதாலும் ஒரே கோப்பையில் குடிப்பதாலும் இது தொற்றாது. ஐரோப்பாவில் நடந்த பார்ட்னர் ஆய்வுகளில் (2016, 2019) சிகிச்சையால் வைரசு முற்றாக அடங்கிய ஒருவரிடமிருந்து அவரது துணைக்கு ஒரு தொற்றுக்கூடப் பரவவில்லை. பரவ விடாமல் தடுப்பது அந்த அன்றாடக் குளிசை. அதை ஒளித்துவைக்க வேண்டிய நிலையை நாங்கள்தான் உருவாக்குகிறோம்.

2012 அக்டோபரிலிருந்து இங்கிலாந்தில் வதிவிட உரிமை இல்லாதவர்களுக்கும் இந்தச் சிகிச்சை இலவசம். அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டவரும் பயமின்றிப் போகலாம்.

எமது நோயாளருக்கு இரண்டாவது கூட்டு நன்றாக வேலை செய்கிறது. சென்ற முறை மாமியார் வந்தபோது மனைவி துணிந்து சொல்லிவிட்டார். மாமியார் இரண்டு நாள் கதைக்கவில்லையாம். மூன்றாம் நாள் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு, "தம்பி, குளிசை போட்டாச்சோ?" என்று கேட்டாராம்.

போர்க்காலத்தில் ஊரில் இன்சுலின் கிடைக்காமல், காய்ச்சலுக்கு மருந்து கிடைக்காமல் போன உயிர்களை நாம் கண்டிருக்கிறோம். அன்று மருந்து இருக்கவில்லை. இன்று மருந்து வீட்டில் இருக்கும்போது, வெட்கத்தால் ஒருவரும் போகக்கூடாது.

மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். விடுபட்டிருந்தால் மறைக்காமல் கிளினிக்கில் சொல்லுங்கள். யாரும் ஏச மாட்டார்கள்.